உரிமமில்லாத் துப்பாக்கியும் மரண தண்டனையும்: அவசரகால மலாயாவில் இரு தமிழர் வழக்குகள்

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருத்தல் குடிமகனின் உரிமையன்று. அரசு வழங்கும் அனுமதியே ஆகும். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கூட்டரசுச் சட்டம். எனினும் உரிமம் வழங்கும் அதிகாரம் அந்தந்த மாநிலக் காவல்துறைத் தலைவரிடமே விடப்பட்டுள்ளது. கிள்ளான்வாசி சிலாங்கூர்க் காவல்துறைத் தலைவரையும் பிரிக்பீல்ட்ஸ்வாசி கோலாலம்பூர்க் காவல்துறைத் தலைவரையும் நாடவேண்டும். உரிமமின்றி வைத்திருப்போர்க்கு இச்சட்டம் ஏழாண்டு வரையிலான சிறையும் 10,000 ரிங்கிட் வரையிலான அபராதமும் விதிக்கிறது. 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் சட்டமோ சட்டவிரோத உடைமைக்குப் பதினான்காண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் என்கிறது. இக்கடுமையின் வேர் எங்குள்ளது என்பதை அறிய நாம் 1948ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் விதிமுறைகளுள் நான்காம் விதி, முறையான உரிமமில்லாத துப்பாக்கியைச் சுமப்பவர்க்கும் வைத்திருப்பவர்க்கும் மரண தண்டனை விதித்தது. எவரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. கையில் இருந்தாலே போதும். உரிமம் என்னும் ஒரு தாளே உயிருக்கும் தூக்குக் கயிற்றுக்கும் இடைப்பட்ட எல்லையாயிற்று. தோட்டத்து வெள்ளைத் துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வலம் வந்த காலம் அது. அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் அத்தாளைக் கேட்டுப் பெற்றிருக்கக்கூடும் என்று எண்ணுவது கடினம்.

இவ்விதியின்கீழ் உயிரிழந்தோருள் தமிழுலகம் நன்கறிந்தவர் எஸ். ஏ. கணபதி. தமிழ்நாட்டில் பிறந்து இளமையிலேயே இங்கு வந்த இவர், இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிப் பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் சம்மேளனம் பதிவை இழந்தது. 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியுடனும் தோட்டாக்களுடனும் கணபதி கைதானார். அதே திங்களில் கோலாலம்பூரில் மரண தண்டனை தீர்ப்பாயிற்று. இந்திய அரசு உயிர்ப்பிச்சை கோரியது, பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள்தான், சம்மேளனத்தின் மற்றொரு தலைவரான வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கைதிலிருந்து தூக்குமேடை வரை கணபதிக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ இரண்டு திங்களே. ஒரு மனிதனின் உயிர் குறித்த வழக்கிற்கு இது போதுமான காலம் என்று நாம் கருதவில்லை.

காலம் கிடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அதே விதியின்கீழ் எழுந்த சாம்பசிவம் வழக்கு ஒருவாறு காட்டுகிறது. 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்ட இவர்மீது இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன: ஒன்று துப்பாக்கி சுமந்தது, மற்றொன்று பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது. அக்காலத்து வழக்கப்படி நீதிபதியோடு இரு மதிப்பீட்டாளர்கள் அமர்ந்தனர். தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் மட்டும் நீதிபதி மதிப்பீட்டாளர்களோடு உடன்படாமல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். மறுவிசாரணையில் அவர் தந்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அதில் துப்பாக்கி, தோட்டா இரண்டும் தம்மிடம் இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாக இருந்தது. தோட்டாவைப் பொறுத்தவரை அவர் ஏற்கெனவே குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகிவிட்டதை மதிப்பீட்டாளர்களிடம் எவரும் எடுத்துரைக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. 1950இல் மெக்டெர்மட் பிரபு வழங்கிய தீர்ப்பின் கருத்து எளியது: விடுதலைத் தீர்ப்பு, அதே குற்றத்திற்காக ஒருவரை மீண்டும் விசாரிப்பதைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை, அதே தரப்பினரிடையே பின்னர் நடக்கும் வழக்குகளிலும் அது மறுக்கவியலாத முடிவாகும். ஆகவே வாக்குமூலத்தின் தோட்டாப் பகுதி பொய்யென்பதை அரசுத்தரப்பு ஏற்றேயாக வேண்டும். ஒரு பகுதி பொய்யானால் எஞ்சிய பகுதியின் நம்பகத்தன்மை என்னாவது? தண்டனை நீக்கப்பட்டது. பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் பல நாடுகளில் இத்தீர்ப்பு மேற்கோளாக ஆளப்படுகிறது. தமிழ் நூல்களிலோ சாம்பசிவம் பெயர் அரிதாகவே தென்படுகிறது.

அவசரகாலம் 1960இல் முடிவுற்றது. ஆனால் விதி முடிவுறவில்லை. அவ்வாண்டே இயற்றப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் சட்டப்படியான காரணமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரண தண்டனையை நிலைநிறுத்தியது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், குற்றச்செயலின்போது துப்பாக்கியால் சுடுவோர்க்கு இருந்த கட்டாய மரண தண்டனையும் 2023 ஜூலையில் கட்டாயமற்றதாக்கப்பட்டது. இப்போது நீதிபதி சிறைத்தண்டனையைத் தேர்ந்துகொள்ளலாம். கணபதி தூக்கிலிடப்பட்ட புடு சிறையின் மதில் 2010இல் இடிக்கப்பட்டு, அந்நிலத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது.