சாலையே அலுவலகம்

அலுவலகத்திற்குச் செல்லாமல், பயணம் செய்யும் இடங்களில் இருந்தபடியே கணினி வழியாகப் பணியாற்றுவோர் 'டிஜிட்டல் நாடோடிகள்' எனப்படுகின்றனர். சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் எழுதி 1997-இல் வெளிவந்த நூலின் தலைப்பு இப்பெயருக்குப் பரவலான அறிமுகத்தைத் தந்தது என்றாலும், இப்பணிமுறை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1983-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து, சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் வகைச் சைக்கிளில் புறப்பட்ட எழுத்தாளர் ஸ்டீவன் ராபர்ட்ஸ், நான்கு சிறு பேட்டரிகளில் இயங்கி எட்டே வரிகளைத் திரையில் காட்டும் மடிக்கணினியில் கட்டுரைகளை எழுதி, கணினித் தகவலைத் தொலைபேசிக் கம்பியில் செல்லத்தக்க ஒலியாக மாற்றும் 'மோடம்' என்னும் கருவியின் துணையுடன், பொதுத் தொலைபேசிகளிலிருந்து அனுப்பிவந்தார். பின்னர் அவர் உருவாக்கிய வண்டிகளில் தட்டச்சு விசைகள் கைப்பிடியிலேயே பொருத்தப்பட்டிருந்ததால், மிதித்துக்கொண்டே எழுதவும் முடிந்தது. சூரிய ஒளித் தகடுகள் அவற்றுக்கு மின்சாரம் அளித்தன. கைபேசியும் கம்பியில்லா இணையமும் பரவுவதற்கு முன்பே, பணிக்கு இடம் ஒரு தடையன்று என்பதை மெய்ப்பித்த அவருடைய 'பெஹிமோத்' என்னும் சைக்கிள், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.