ஆமை நடைக்கு டார்ச் வேண்டாம்

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நடத்திவரும் இரவு நடையில் சேர, கோவளம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் டார்ச்சை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு கடலுக்கே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ இரவில் கடல் பக்கம் தெரியும் மெல்லிய ஒளியை நோக்கி நகர்பவை. நம் விளக்கு அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். இருட்டில் இடறி விழமாட்டோமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் நம் கண் இருளுக்குப் பழகிவிடும். இடையில் கைபேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். படம் எடுக்க முடியவில்லையே என்ற குறை, முட்டையிட இடம் தேடும் தாய் ஆமையின் முன் மிகச் சிறியது. குடிக்கத் தண்ணீரும், மணலில் நெடுந்தூரம் நடக்கும் கால்பழக்கமும் இருந்தால் போதும்; வழியை முன்னே செல்லும் தன்னார்வலர் அறிவார்.