காடி ரேடியோ பாடாமற்போனால்



சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஜாலான் புசார் வந்துவிடும். அங்கே சிம் லிம் டவரில் வயர், ஒலிபெருக்கி, மின்னணுச் சாமான்கள் விற்கும் கடைகள் நிறைய உண்டு. அருகே சுங்கை ரோட்டில், 2017 ஜூலையில் மூடப்படும்வரை, பழைய பொருள்களுக்கென்றே ஒரு சந்தையும் நடந்துவந்தது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் காடி ரேடியோ செட் வாங்கிவந்து தாங்களே பொருத்திவிடுகிறார்கள். பாட்டு வராவிட்டால், செட் கெட்டுவிட்டது என்று அடுத்த மாதச் சம்பளத்தில் இன்னொன்று வாங்குகிறார்கள். பல சமயம் கெட்டிருப்பது செட் அன்று. அதற்கு மின்சாரம் போய்ச்சேரும் வழிதான்.

கடையில் வாங்கும் செட்டின் பின்னால் பல வயர்கள் தொங்கும். உயிர்நாடி மூன்றே. மஞ்சள் வயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். கடிகாரமும் நிலைய நினைவும் அதில்தான் நிற்கின்றன. சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரவேண்டும். கறுப்பு, எர்த். காடியின் இரும்பு உடலே பாட்டரிக்குத் திரும்பும் பாதையாக இருப்பதால் இதை அந்த உடலோடு இணைக்கிறோம். ஆனால் காடியிலிருந்து வரும் வயர்களின் நிறத்தை நம்பிவிடக் கூடாது. சில ஜெர்மானியக் காடிகளில் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உரிய இடங்கள் மாறியிருக்கும். 12 வோல்ட் சோதனை விளக்கு ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டே இணைக்கவேண்டும்.

இதை அறிந்தால் நோய் தானே தெரியும். சாவியை எடுத்ததும் கடிகாரமும் நிலையங்களும் மறந்துபோகின்றனவா? மஞ்சளுக்கு நிரந்தர மின்சாரம் இல்லை. காலையில் காடி கிளம்பாமல் பாட்டரி இறங்கிக் கிடக்கிறதா? சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி, செட் இரவெல்லாம் விழித்திருக்கும்படி யாரோ செய்திருக்கலாம். சத்தத்தைக் கூட்டினால் செட் அணைந்து அணைந்து எரிகிறதா? எர்த்தைப் பாருங்கள். பெயிண்டின் மேலோ துருவின் மேலோ திருகியிருந்தால் சிறிது மின்சாரம் போகும், அதிகம் கேட்டால் போகாது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு திருகுங்கள். ஒலி 96.8 செய்திக்கு நடுவே, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி கேட்டாலும் முதலில் இதையே செய்யுங்கள். பாட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல், எர்த் சரியில்லாதபோது பாட்டோடு கலந்துவிடுகிறது.

இனி பியூஸ். செட்டின் முதுகில் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் இருக்கும். பெட்டியில் 200 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட். 10 ஆம்பியர் பியூஸ் வழியே 140 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்க முடியாது. அச்சிட்ட 200 எங்கிருந்து வரும் என்று விற்றவரைக் கேட்டுப் பாருங்கள்!

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவதும், 10 இருந்த இடத்தில் 30 வைப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். இது ஆபத்து. காடிப் பாட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. எங்கோ ஒரு வயர் உரசி உடலைத் தொட்டால், உருகவேண்டிய பியூஸ் உருகாது. வயரே பழுத்து, மேலுறை எரியும். அது எரிவது டேஷ்போர்டுக்குப் பின்னால், பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு முன்னால். பியூஸ் மீண்டும் மீண்டும் போனால், உரசிய வயரைத் தேடுங்கள். வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஒலிபெருக்கி வயர் எதையும் காடி உடலோடு இணைக்காதீர்கள். இக்காலச் செட்டுகளில் அது உள்ளிருக்கும் பெருக்கியைக் கெடுத்துவிடும்.

தோட்ட லாரி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பெரிய லாரி, பஸ் பலவற்றில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு சேர்ந்து 24 வோல்ட் தரும். காடிச் செட்டை நேரே கொடுத்தால் கருகிவிடும். ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால் அது இறங்கிப்போக, மற்றது அளவுக்கு மீறி மின்னேறிக் கெடும். 24-ஐ 12 ஆகக் குறைக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. செட்டின் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று சொல்லி, அதற்குக் குறையாத கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.