கண்ணுக்கெட்டாத தூரத்தில் மருந்தடிக்கும் ட்ரோன்: இரண்டு ஏக்கர்காரருக்கு என்ன பலன்?

பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் நேமம், திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கம் எஞ்சியுள்ள நெல் வயல்களுக்கு மருந்தடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் தெளிப்பானை முதுகில் சுமக்கத் திரும்பி வரப்போவதில்லை. ஆகவே ட்ரோனை வாடகைக்கு அமர்த்தலாமா என்ற பேச்சு எழுகிறது. கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். ட்ரோனுக்குச் சுமார் 10 லிட்டர் கலவை போதும்.

வழக்கமாக இதை இயக்குபவர் வரப்பில் நின்று, கண்ணால் பார்த்தபடியே பறக்க விடுவார். பார்வைக்கு அப்பாலும் பறக்க விட வழிசெய்யும் வரைவு விதிகளை அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. அதில் விவசாயத்துக்கும் இடமுண்டு. உயர வரம்பு 400 அடி. நம் நாட்டில் 2021-இல் தெலங்கானாவின் விகாராபாத்தில் தடுப்பூசி கொண்டுசெல்ல இவ்விதம் பறக்க விட்டது சிறப்பு அனுமதியின் பேரில்தான்.

அமெரிக்கப் பண்ணையின் சராசரிப் பரப்பு, 2022 கணக்கெடுப்பின்படி, 463 ஏக்கர். ஒரு மூலையில் நின்றால் மறு மூலை தெரியாது. தமிழ்நாட்டிலோ, 2015-16 கணக்கெடுப்பின்படி, சராசரி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை! வரப்பில் நின்றாலே முழுவதும் தெரியும். அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் அடித்தால் வேண்டுமானால் வாடகை குறையலாம்.

ஆனால் இப்பகுதியில் வயலை ஒட்டியே வீட்டுமனை, மின்கம்பி, கீரைப்பாத்தி. காற்று சற்றுத் திரும்பினால் நெல்லுக்கு அடித்த மருந்து நாளைக்குச் சந்தைக்குப் போகும் கீரையில் விழும். வரப்பில் நிற்பவர் உடனே நிறுத்துவார். எங்கோ அறையில் திரையைப் பார்த்து இயக்குபவருக்கு அது தெரியுமா? நம் நாட்டிலும் இத்தகைய விதி வருமானால், பக்கத்து வயல்காரரின் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக எழுதியாக வேண்டும்.

வாடகைக்கு எடுப்பவர் இயக்குநரின் சான்றிதழ், கருவியின் பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்கவும். 2021 ட்ரோன் விதிகளின்படி இவை தேவை. வான்வழி மருந்து தெளிப்பதை 24 மணி நேரத்துக்கு முன்பே ஊராருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளிலேயே உள்ளது. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, வேறு தடை இல்லாத இடங்களில், 200 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டியதில்லை. பூந்தமல்லி ஏறக்குறைய அந்தத் தொலைவில் உள்ளது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருப்பதால், சுற்றுவட்டாரத்தார் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் தங்கள் வயல் சிவப்பு மண்டலத்தில் விழுகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவும்.