ராட்பர்னின் வலக்கை

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். கிரிக்கெட்டைப் போல் ஓவருக்கு ஓவர் அங்கே ஆள் மாறுவதில்லை. அதிலும், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் வழக்கம் வேரூன்றத் தொடங்கியிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆட்டத்தைத் தொடங்கி வைத்த பிட்சரே அதை முடித்தும் வைப்பதுதான் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தின் பாரத்தை வெகு சிலரே சுமந்த அளவுக்குச் சுமந்தவர் சார்லஸ் ராட்பர்ன்.

1854-இல் ராச்செஸ்டரில் பிறந்து, இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனில் வளர்ந்த இவர், ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகன். 1884 ஜூலையில், தாம் ஆடிவந்த பிராவிடன்ஸ் கிரேஸ் குழுவின் நிர்வாகத்தோடு பிணங்கி, தற்காலிகமாக விலக்கப்பட்டு அவர் ஒதுங்கியிருந்த வேளையில், மற்றொரு பிட்சரான ஸ்வீனி பாதி ஆட்டத்திலேயே கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். குழுவையே கலைத்துவிடலாமா என்று உரிமையாளர்கள் யோசித்தபோது, மிச்சமிருக்கும் ஆட்டங்களில் தாமே எறிவதாக ராட்பர்ன் முன்வந்தார். அதற்கு அவர் கேட்ட பிரதிபலன் விடுதலை. குழு விடுவிக்கும்வரை ஆட்டக்காரன் வேறெங்கும் போக முடியாதபடி கட்டிவைத்த ஒப்பந்த ஷரத்திலிருந்து விடுதலை! அது நியாயமான கோரிக்கை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் ஏறக்குறைய நாள்தோறும் அவரே எறிந்தார். காலையில் தலை வாரிக்கொள்ளச் சீப்பைத் தூக்கவும் கை எழவில்லை என்பார்கள். அப்படிப்பட்ட கையைத் தேய்த்துத் தேய்த்து இளக்கிக்கொண்டு, பிற்பகலில் ஐம்பதடி தூரத்திலிருந்து அவர் பந்தை விசையோடு அனுப்பினார். அந்தப் பருவத்தில் தொடங்கிய 73 ஆட்டங்களையும் அவரே முடித்தார். எறிந்த இன்னிங்ஸ் 678, வீழ்த்திய மட்டையாளர்கள் 441 பேர். வெற்றிகள் 59 என்பார் சிலர், 60 என்பார் சிலர். இன்றைய பிட்சர் ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸைத் தொடுவதே அபூர்வம். பிராவிடன்ஸ் வாகை சூடியது. அக்டோபரில் நியூயார்க் குழுவோடு நடந்த மூன்று ஆட்டங்களையும் அவரே எறிந்து வென்று கொடுத்தார்.

1891-இல் ஓய்வுபெற்ற ராட்பர்ன், புளூமிங்டனில் பில்லியர்ட்ஸ் மேஜைகளோடு ஒரு மதுக்கடை நடத்திவந்தார். 1939-இல் கூப்பர்ஸ்டவுனின் பேஸ்பால் கீர்த்தி மண்டபம் அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. அதைக் காண அவர் இல்லை. வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து ஒரு கண் போய், முகமும் விகாரப்பட்டுப்போனபின், தம்மைத் தேடி வந்தவர்களின் பார்வையில் படாமல், கடையின் பின்னறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தே நாளைக் கழித்த அவர், 1897 பிப்ரவரியில், 42-ஆவது வயதில் மறைந்தார்.