‘ஆளே மாறிட்டாருங்க!’

இளம்பிள்ளையில் பகல் முழுக்கத் தறிச் சத்தம்தான். சேலத்துக்குத் தென்மேற்கே, கஞ்சமலைக்கு அருகில் இருக்கும் இந்த ஊருக்குச் சேலை நெசவுதான் பிழைப்பு. விசைத்தறிக் கூடத்துக்குள் புதிதாக நுழைகிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. பல வருடம் தறி ஓட்டியவருக்கோ, அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு தறியின் ஓசை லேசாகப் பிசகினாலும் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

பாவில் ஓர் இழை அறுந்திருக்கும். தறியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, துண்டு நூல் ஒன்றை அதில் முடிந்து, விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சின் பல்லுக்குள் இழுத்துவிட்டு, மறுபடி தறியை ஓடவிடுகிறார். இவ்வளவுக்கும் வாய், அடுத்த தறிக்காரரிடம் உரத்த குரலில் கூலி பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. “அந்த முடிச்சை எப்படிண்ணா போட்டீங்க?” என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “இப்படித்தானுங்க” என்று இன்னொரு முறை போட்டுக் காட்டுவார்.

முடிச்சுப் போடும் பழக்கத்தை மூளை ஓரிடத்தில் வைத்திருக்கிறது. நேற்று என்ன நடந்தது என்ற நினைவை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. இதை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு நோயாளி. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலெய்சனுக்கு 1953-ல், 27-வது வயதில், தீராத வலிப்புக்காக அறுவை சிகிச்சை நடந்தது. மூளையின் இரு பக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதி அகற்றப்பட்டது. ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பங்கு அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போன மருத்துவர் திரும்பி வந்தால், முதல் முறை சந்திப்பது போலவே வணக்கம் சொல்வார்.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். திசை மாறித் தெரிவதால் முதலில் எல்லோருக்கும் கை குழம்பும். ஹென்றிக்கும் குழம்பியது. மூன்று நாள் பயிற்சியில் பிழைகள் குறைந்து, கோடு சீராக வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அவரைக் கேட்டால், இப்படி ஒன்றைத் தான் செய்ததே இல்லை என்பார். கை கற்றுக்கொண்டது அவருக்கே தெரியாது. 2008-ல் இறக்கும் வரை அவரை ஆராய்ந்து எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை.

அந்தக் கைப்பழக்கத்தைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் சிறுமூளைக்கும், பெருமூளையின் அடியாழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற தொகுதிக்கும் உரியது. சிறுமூளையின் எடை மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கின்றன. விரல் எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த நொடியில் நிற்க வேண்டும் என்பதை அது ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. பேசல் கேங்லியாவுக்கு டோபமைன் தரும் அணுக்கள் அழியும்போது வருவதுதான் நடுக்குவாதம். கை நடுங்குவது மட்டும் அல்ல. சட்டைப் பொத்தான் போடுவது, நாற்காலியிலிருந்து எழுவது என்று யோசிக்காமல் செய்துவந்த காரியங்களையெல்லாம் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியதாகிவிடும்.

கைவேலை இப்படி என்றால் கோபமும் பாசமும் எப்படி? இந்தக் கேள்விக்கு ஒரு சென்னை அத்தியாயம் உண்டு. அது இன்றும் மனதைச் சங்கடப்படுத்தும் அத்தியாயம்.

டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டி.எஸ். கனகாவும் அவரோடு சேர்ந்தார்கள். மருந்துக்கு அடங்காத மூர்க்கத்துக்கு இந்தக் குழு அறுவை சிகிச்சை செய்தது. குறி வைத்தது அமிக்டலாவை. வாதாம் பருப்பு அளவே உள்ள அந்தப் பகுதி, ஆபத்தை மோப்பம் பிடித்து அச்சத்தையும் சினத்தையும் கிளப்பிவிடுவதில் முன்நிற்கிறது. தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இடத்தைக் கணக்கிட்டு, சிறு துளை வழியே மெல்லிய கருவியை இறக்கி, குறித்த இடத்தை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். ஜப்பானில் நராபயாஷி முன்பே தொடங்கியிருந்த முறை இது. சென்னையில் 400-க்கும் மேற்பட்டோருக்கு இது நடந்தது. சிறுவர்களும் அதில் உண்டு. பெரும்பாலோரின் மூர்க்கம் தணிந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

தங்களைத் தாங்களே அடித்துக்கொண்டும், பெற்றவர்களைக் கடித்துக்கொண்டும் இருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கு அன்று வேறு வழி குறைவு. வேறு வழி இல்லாதபோது நம் சமூகம் கையிலெடுப்பது சங்கிலியை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி இறந்தார்கள். அந்த மருத்துவர்களின் பரிவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனாலும் தன் மூளையில் என்ன செய்யப்போகிறார்கள் என்று புரியாத ஒருவருக்காக இன்னொருவர் சம்மதம் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கு மூளை அறுவை செய்வதானால் நோயாளியின் சம்மதமும் மனநல வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. அப்படி ஒரு வேலி தேவைதான்.

அமிக்டலாவைக் கோபத்தின் குடியிருப்பு என்று நினைத்துவிடவும் கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் அமெரிக்கா போன நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்த ஓர் இளைஞர், கார் விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர். பேச்சு, புத்தி எல்லாம் தெளிவு. பெற்றோரைப் பார்த்தால் மட்டும், “பார்க்க அப்படியே இருக்கிறார்கள், ஆனால் இவர்கள் வேறு யாரோ” என்பார். அவர்களே தொலைபேசியில் பேசினால் சந்தேகம் வராது! முகத்தை அடையாளம் காணும் பகுதி நன்றாக இருக்கிறது. அங்கிருந்து அமிக்டலாவுக்குப் போகும் பாதை அறுந்துவிட்டது. அம்மாவின் முகம் தெரிகிறது, அந்த முகம் தர வேண்டிய பாசம் மட்டும் வரவில்லை என்று ராமச்சந்திரன் விளக்கினார். காது வழிப் பாதை சேதப்படாததால் குரல் கேட்டால் பாசம் சுரந்துவிடுகிறது. நம் ஊர்ப்பக்கம் இப்படி ஒருவர் பேசினால் மந்திரித்துத் தாயத்துக் கட்டத்தான் முதலில் கிளம்புவார்கள்.

நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் பாதிக்கப்பட்டால் வீட்டாருக்கு இன்னும் குழப்பம். 1848-ல் அமெரிக்காவில் இருப்புப்பாதை போடும்போது வெடித்த வெடியில், ஆறு கிலோ எடையுள்ள கம்பி பினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்தார், பேசினார், நடந்தார். பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் முன்கோபக்காரராக, சொன்ன சொல்லில் நிற்காதவராக மாறிவிட்டார் என்று அவருடைய மருத்துவர் எழுதினார். பலரும் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலை, சிதைந்த முன்மடலுக்கு ஊன்றுகோலாக இருந்திருக்கலாம்.

பக்கவாதம் வந்து தேறியவர்களின் வீட்டில் கேட்கும் பேச்சும் கேஜின் கதைதான். “கை கால் வந்துருச்சுங்க, ஆனா ஆளே மாறிட்டாருங்க. தொட்டதுக்கெல்லாம் கோவம். திடீர்னு அழுவறாரு.” சுற்றத்தார் அதைத் திமிர் என்பார்கள், சோம்பல் என்பார்கள். மனைவி அதைத் தன் தலைவிதி என்று சுமப்பார். முன்மடலிலோ அதனோடு சேர்ந்த பாதைகளிலோ ரத்தம் போகாமல் அணுக்கள் செத்துப்போனதன் விளைவு அது என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே யாராவது உட்கார வைத்துச் சொன்னால், அந்த வீட்டில் பாதிச் சண்டை இருக்காது. மருந்தும் பயிற்சியும் இதற்கும் உண்டு. ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

சேதத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நல்லெண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரம் கணக்கிடப்படுவது ஆள் கடைசியாக நன்றாக இருந்த நிமிடத்திலிருந்து. அதனால் மருத்துவர் முதலில் கேட்பது, “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?”