கேம்பர் வேனில் கேஸ் கீசர்... குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடாதீர்கள்!

மதுரை வெயிலில் வெந்நீர் நினைவே வராது. அதே கேம்பர் வேன் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் நின்றால், காலைக் குளியலுக்கு வெந்நீர் வேண்டும். மின்சார கீசரை வேன் பேட்டரி தாங்காது. கைகொடுப்பது தொட்டியில்லாத கேஸ் கீசர்.

குழாயில் தண்ணீர் ஓடினால்தான் இது பற்றும். சூடு போதவில்லையா? தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், சூடு ஏறும். ரொம்பக் குறைத்தால் அணைந்துவிடும்.

ஆபத்து, புகையில்தான். காற்றோட்டமில்லாத இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரையே பறிக்கும். மலையில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் கூடுதல் கவனம் தேவை.

கீசரை வேனுக்கு வெளியே மாட்டிப் பயன்படுத்துங்கள். வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.